யாருடைய உயரத்துக்கு ஒரு சோபா?

"உங்க ஊட்டுக்காரரு எவ்ளோ உயரம்மா?" என்று கேட்டார் ஆசாரி அண்ணன். டேப்பைப் பிரித்துக் கையில் வைத்திருந்தார். இராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு சந்தில் இருக்கிறது அவருடைய பட்டறை. முன்பு விசைப்படகு கட்டிக்கொண்டிருந்தவர். மரப்படகுக்கு வேலை குறைந்தபிறகு கட்டில், சோபா என்று இறங்கிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் டெய்லர். இருபது வருடமாக அதே மாதிரி டேப்பை கழுத்தில் போட்டுக்கொண்டு பெண்களுக்கு அளவெடுக்கிறேன். பிளவுஸ் தைக்க வரும் பெண்ணிடம் உங்கள் வீட்டுக்காரர் சட்டை என்ன அளவு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"சோபால குந்தப்போறது அவரு மட்டும் இல்லண்ணா" என்றேன்.

"யாரு வேணா குந்தட்டும்மா. பெரிய ஆளு உயரத்துக்குப் போட்டாத்தான் பார்வையா இருக்கும்."

அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. தொழிலில் பழகியதைச் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீடு வரை வந்தது. எங்கள் வீட்டில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று யோசித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

காசிமேட்டில் நாங்கள் இருந்தது ஒற்றை அறை. நைனாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி இருந்தது. துறைமுகத்தில் மூட்டை இறக்கிவிட்டு வந்தால் அதில்தான் சாய்வார். அவர் இல்லாத நேரத்திலும் அது அவருடைய நாற்காலிதான். தம்பி ஏறி விளையாடலாம். நானும் அம்மாவும் அதைத் துடைப்போம், மடக்கி வைப்போம், பிரித்துப் போடுவோம். அதில் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அம்மாவுக்கென்று இடமே இல்லாமலும் இல்லை. வாசற்படி இருந்தது, அடுப்பங்கரை இருந்தது, மார்க்கெட்டில் ஒரு மரப்பலகை இருந்தது.

அம்மா முப்பது வருடத்துக்கு மேல் மீன் விற்றவர். விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் சுமந்து வந்து, நாலு அங்குல உயரம்கூட இல்லாத அந்தப் பலகையில் குந்தினால் மதியம் வரை எழுந்திருக்க முடியாது. ஒண்ணுக்குப் போக வேண்டும் என்றாலும் பக்கத்துக் கடை அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். முழங்கால் மடங்கியபடியே அத்தனை வருடம். இன்று அந்த முழங்கால்கள் நீட்டினால் நீள்கின்றன, மடக்கினால் மடங்க மறுக்கின்றன. தரையில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும்.

எனக்கு வாய்த்தது அதற்கு நேர் எதிரான வேலை. 1998 முதல் 2004 வரை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தேன். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பதரை. சாப்பிடும் அரை மணி நேரம் தவிர முழுவதும் நிற்க வேண்டும். வாடிக்கையாளர் உட்கார மெத்தை போட்டிருப்பார்கள். கடையில் ஆளே இல்லாதபோதும் அதில் நாங்கள் உட்காரக் கூடாது. ஒருமுறை வயிற்றுவலி தாங்காமல், "கொஞ்சம் குந்திக்கட்டுமாண்ணா?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். உட்கார விடவில்லை. "குந்து" என்ற சொல்லை வைத்து மட்டும் ஒரு வாரம் கிண்டல் செய்தார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சில் உட்கார் என்பதற்கு அதுதான் சொல். அந்தக் கடையில் சொல்லுக்கும் இடமில்லை, செயலுக்கும் இடமில்லை. இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டதுதான் நான் அங்கிருந்து எடுத்து வந்த போனஸ்.

இது நான் ஒருத்தி பட்ட பாடு இல்லை என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். கேரளத்தில் கோழிக்கோட்டைச் சேர்ந்த விஜி என்ற தையல்காரப் பெண்மணி, 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கி, கடைகளில் வேலை செய்யும் பெண்களைத் திரட்டினார். கழிப்பறை வேண்டும், உட்கார நாற்காலி வேண்டும் என்பவைதான் அவர்கள் கேட்டது. 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தி, உட்காரும் உரிமையை அதில் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்குத் திருத்த மசோதா வந்தது. 22-அ என்று ஒரு பிரிவு புதிதாகச் சேர்ந்தது. பணியாளர்கள் எல்லாருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலை நேரம் முழுவதும் அவர்கள் நின்றுகொண்டே இருக்கும்படி விடக் கூடாது என்கிறது அது. ஒரு மனுஷி உட்காருவதற்குச் சட்டசபை கூட வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் உட்காருவதற்கு எந்தச் சபை கூடும்?

*

எங்கள் வீட்டின் முதல் சோபா சீர்வரிசையாக வந்தது. 2004இல் என் கல்யாணத்துக்கு அம்மா ஏலச்சீட்டு எடுத்து வாங்கியது. மூன்று பேர் உட்காரும் நீளச் சோபா ஒன்று, ஒற்றைச் சோபா இரண்டு. அரக்கு நிற ரெக்சின். பெரிய பெரிய கைப்பிடி. தரையோடு தரையாக இருக்கும், அடியில் விளக்குமாறு நுழையாது. பதினாலாயிரம் ரூபாய். பதினாலாயிரத்துக்கு எத்தனை கூடை மீன் என்று அம்மாவுக்குத்தான் கணக்குத் தெரியும்.

கல்யாணமான புதிதில் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். மார்க்கெட்டிலிருந்து நேராக, எனக்காக வஞ்சிரம் தலை ஒன்றைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். "குந்தும்மா" என்றேன். அம்மா சோபாவைப் பார்த்தார், தன் புடவையைப் பார்த்தார். "வாணாம்டி. வாடை ஏறிக்கும்" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். என் கணவருடைய உறவினர் ஒருவர் அப்போது அந்தச் சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார். "நல்லவேளை" என்பதுபோல ஒரு சிரிப்புச் சிரித்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. இருபது வயதைத் தாண்டியும் என் அம்மாவின் மீன் வாடைக்காக நான் கூச்சப்பட்டேன். அந்த வாடைதான் எனக்குச் சோறு போட்டது, பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டியது, அந்தச் சோபாவையும் வாங்கியது. இதை எழுதும்போதும் அந்த மௌனத்துக்காக எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நைனா இறந்தபிறகு அம்மா எங்களோடு எர்ணாவூருக்கே வந்துவிட்டார். அப்போதும் அந்தச் சோபாவில் அவர் உட்கார்ந்ததில்லை. மீன் விற்பதை நிறுத்தி வருடங்கள் ஆகியும் வாடை வரும் என்ற பயம் போகவில்லை. சோபாவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து டிவி பார்ப்பார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. 4ஆம் தேதி எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியது. வெள்ளம் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் இந்த முறை தண்ணீரின்மேல் கறுப்பாக எண்ணெய் மிதந்து வந்தது. தரைத்தளத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை அந்தத் தண்ணீர் நின்றது. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம் முழுக்க எண்ணெய். மீனவர்கள் வாளியாலும் மக்காலும் அதை அள்ளியதை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் சோபாவின் பஞ்சு அந்த எண்ணெயைக் குடித்துவிட்டது. தண்ணீர் வடிந்தபிறகு மூன்று நாள் வெயிலில் போட்டும் கறுப்பு நீர் கசிந்துகொண்டே இருந்தது. நெருங்கினால் தலைசுற்றும் நாற்றம்.

தெருமுனையில் குப்பையாகக் குவிந்த மெத்தைகளோடு அதையும் கொண்டுபோய்ப் போட்டோம். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நாளும் குந்தல. நாறும்னு பயந்தேன்" என்றார். பிறகு, "எவனோ உட்ட எண்ணெய்ல நாறிப்போச்சு" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

அப்போதே எனக்குள் ஒன்று முடிவாகிவிட்டது. அடுத்து இந்த வீட்டுக்கு ஒரு சோபா வருமென்றால், அது அம்மா உட்காருகிற சோபாவாக இருக்க வேண்டும்.

*

பணம் சேர ஏழெட்டு மாதம் ஆனது. மகளுக்குப் பதினெட்டு வயது, கட்டடக் கலை முதலாண்டு. "அம்மா, மிட்-செஞ்சுரி ஸ்டைல் வாங்கலாம். கால் வச்ச சோபா. நம்ம ஏரியாவுக்கு அதுதான் சரி" என்று போனில் படம் படமாகக் காட்டினாள். ஒல்லியான மரச்சட்டம். கீழே போகப் போகக் கூர்மையாகும் கால்கள். தனியாக எடுக்கக்கூடிய மெத்தை. பார்த்ததும் எனக்கு, சின்ன வயதில் நைனாவுக்கு மருந்து வாங்கப் போன டிஸ்பென்சரியின் மரச்சோபா ஞாபகம் வந்தது. இதைத்தானே அப்போது பழசு என்று சொல்லித் தூக்கிப் போட்டார்கள்?

அவளும் ஆமாம் என்றாள். 1945க்குப் பிறகான இருபது இருபத்தைந்து வருடத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உருவான பாணி. அதற்கு இந்தப் பெயர் பரவியது 1984இல் காரா கிரீன்பெர்க் என்ற பெண் எழுதிய ஒரு புத்தகத்தால். நம் நாட்டுக்கு அது சண்டிகர் வழியாக வந்தது. பியர் ஜான்னரே என்ற கட்டடக் கலைஞர் உள்ளூர்க் கலைஞர்களோடு சேர்ந்து, அந்த நகரத்தின் அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகள் செய்தார். பின்னாளில் அவை உடைந்த சாமானாக மொட்டைமாடிகளில் குவிந்து கிடந்தன. இன்று அதே நாற்காலிகள் வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் போகின்றன.

அண்ணா நகரில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். விருப்பப்படி செய்து தருவோம் என்று போட்டிருந்தார்கள். துணியில் நாற்பது நிறம். காலுக்கு மூன்று நிறம். இடப்பக்கம் நீளம் வேண்டுமா, வலப்பக்கமா? பொத்தான் வைக்கவா, வேண்டாமா? எல்லாவற்றையும் மாற்றலாம். நான் உட்கார்ந்து பார்த்தேன். முதுகைச் சாய்த்தால் கால் தரையில் படவில்லை. காலைத் தரையில் ஊன்றினால் முதுகு சாய இடமில்லை. நான் நாலடி பதினோரு அங்குலம். அந்தச் சோபாவின் உயரம் 18 அங்குலம், உட்காரும் ஆழம் 24.

"உயரத்தைக் குறைச்சுத் தருவீங்களா?" என்று கேட்டேன்.

"அது ஸ்டாண்டர்டு சைஸ் மேடம்."

எதை வேண்டுமானாலும் மாற்றலாம், நம் உடம்புக்கேற்ப மட்டும் மாற்ற முடியாது! ரெடிமேட் பிளவுஸ் கடைகளில் நான் பார்த்த அதே கதைதான்.

அந்த ஸ்டாண்டர்டு யாருடையது? ரயிலில் திரும்பி வரும்போது மகள் சொன்ன கதையை நீங்களும் கேளுங்கள். சண்டிகரைத் திட்டமிட்ட லெ கொர்பூசியே, 'மாடுலர்' என்றொரு அளவு முறையை உருவாக்கினார். கட்டடத்தின் கூரை முதல் உட்காரும் இருக்கை வரை எல்லாவற்றுக்கும் ஒரு மனித உடம்பை அளவாக வைத்தார். அது ஆணின் உடம்பு. முதலில் 1.75 மீட்டர் என்று வைத்தவர் பிறகு 1.83 மீட்டருக்கு உயர்த்தினார். அதாவது ஆறடி. ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் வரும் அழகான ஆண்கள் எல்லாம் ஆறடி இருக்கிறார்களே என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். அந்த முறையில் உட்காரும் உயரம் 43 சென்டிமீட்டர், ஏறக்குறைய 17 அங்குலம். கதையில் வரும் ஒரு வெள்ளைக்காரத் துப்பறிவாளர் வசதியாகக் காலை ஊன்றிக்கொள்ள, காசிமேட்டு மீன்காரியின் கால் அந்தரத்தில் தொங்க வேண்டும்.

இத்தனைக்கும் அந்தப் பாணியை உருவாக்கியதில் பெண்களுக்கும் பங்கு இருந்திருக்கிறது. இதே கொர்பூசியேவிடம் 1927இல் வேலை கேட்டுப் போனார் ஷார்லெட் பெரியாண்ட் என்ற இளம்பெண். இங்கே நாங்கள் மெத்தைக்குப் பூவேலை செய்வதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு அவருடைய வேலையைக் கண்காட்சியில் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். பெரியாண்ட் சேர்ந்து உருவாக்கிய நாற்காலிகளை உலகம் நெடுங்காலம் கொர்பூசியே நாற்காலி என்றுதான் அழைத்தது. இன்று எந்தக் கடைக்குப் போனாலும் பார்க்கிற, மெல்லிய கால் வைத்த நேர்க்கோட்டுச் சோபாவின் மூத்த வடிவங்களில் ஒன்றை 1954இல் செய்தவர் ஃபுளோரன்ஸ் நோல். சண்டிகரில் ஜான்னரேயோடு வேலை செய்த ஊலி சவுத்ரி என்ற இந்தியப் பெண், பின்னாளில் அந்த நகரத்துக்கே தலைமைக் கட்டடக் கலைஞர் ஆனார். இவர்களின் பெயர் எங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே போன வருடம்தான் தெரியும்.

*

இத்தனையும் தெரிந்துகொண்டுதான் இராயபுரம் ஆசாரி அண்ணனிடம் போனேன். அவரிடம் பழைய வீடுகளை இடித்த மரம் இருந்தது. இந்தப் பக்கத்து மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் கூரையைத் தாங்கிய பர்மா தேக்கு விட்டங்கள். நூறு வருடம் வெயில், மழை, உப்புக்காற்று எல்லாம் பார்த்தாயிற்று. இனிமேல் அது வளையாது, பிளக்காது. புதுத் தேக்கைவிட விலையும் குறைவு.

"ஊட்டுக்காரரு எவ்ளோ உயரம்" என்று அவர் கேட்ட கேள்விக்கு நான் மறுநாள் அம்மாவை ஆட்டோவில் அழைத்துப்போய்ப் பதில் சொன்னேன்.

அம்மா பட்டறை வாசலிலேயே நின்றுகொண்டார். "நான் இன்னாத்துக்குடி அளவு குடுக்கணும்? நானா குந்தப்போறேன்?" ஆசாரி அண்ணனுக்கு அவரை அடையாளம் தெரிந்துவிட்டது. "எக்கா, உங்ககிட்ட எவ்ளோ மீன் வாங்கித் துன்னுகீறேன். வா, வந்து குந்து" என்றார். செங்கல்லை அடுக்கி அதன்மேல் பலகையைப் போட்டார். 14 அங்குலத்தில் அம்மா உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் வலிக்காரருக்குத் தாழ்வான இருக்கை ஆகாது. 18இல் கால் தொங்கியது. தொடைக்கு அடியில் பலகை அழுத்தியது. 16இல் பாதம் தரையில் பதிந்தது. இரண்டு பக்கமும் கையை ஊன்றி, யாரையும் பிடிக்காமல் எழுந்து நின்றார். நின்றவர் மறுபடி ஒருமுறை உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். வலிக்காமல் எழுந்திருப்பது எப்படி என்பதே மறந்துபோயிருந்தது அவருக்கு.

16 அங்குலம் என்று சுவரில் பென்சிலால் எழுதினார் ஆசாரி அண்ணன். அதிலிருந்துதான் மற்ற எல்லாம் வந்தது. நீங்களும் செய்யச் சொல்லும்போது உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

மெத்தை 4 அங்குலம், 40 டென்சிட்டி ஃபோம். 32 போட்டால் விலை குறையும், ஆனால் வருடம் திரும்புவதற்குள் குழி விழும். குழியிலிருந்து எழுந்திருப்பது முழங்காலுக்குத் தண்டனை. ஸ்பிரிங் வேண்டாம் என்றேன், கடற்கரைக் காற்றில் துருப்பிடிக்கும். ரீப்பர் கட்டைமேல் எலாஸ்டிக் பெல்ட் பின்னல் போதும். உட்காரும் ஆழம் முதுகு மெத்தை போக 18 அங்குலம். கைப்பிடி தட்டையாக, மரத்திலேயே இருக்க வேண்டும். ஊன்றி எழுவதற்கு மெத்தை வைத்த கைப்பிடி உதவாது. நீளம் ஆறடி. மதியம் அம்மா கால் நீட்டிப் படுக்கலாம். கால்கள் ஒன்பது அங்குலம் உயரம், அடியில் துடைப்பம் தாராளமாகப் போகும். குனிந்து, சோபாவை நகர்த்தி, மறுபடி தள்ளி வைப்பது யாருடைய இடுப்பு என்று சோபா வரைகிறவர்கள் யோசிப்பதில்லை. கூட்டுகிறவர்கள் யோசிப்போம்.

முழங்காலளவு வெள்ளத்துக்கு ஒன்பது அங்குலம் போதாதுதான். ஆனால் மெத்தையைத் தனியாக எடுத்துப் பரண்மேல் போட்டுவிடலாம். மரச்சட்டத்தைக் கழுவிக் காயவைக்கலாம். எங்கள் பக்கத்தில் சோபா வாங்குகிறவர்கள், தண்ணீர் வந்தால் எதைத் தூக்குவது என்பதையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கிறது. அந்த எண்ணெய் மறுபடி வராது என்று எங்களுக்கு யாரும் எழுதித் தரவில்லை.

உறை மட்டும் நானே தைத்தேன். கெட்டிக் காடாத் துணி, ஜிப் வைத்து, இரண்டு செட். ரெக்சின் வியர்வையில் ஒட்டும், உரியும். வெல்வெட் வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பருத்தியைக் கழற்றிச் சோப்புப் போட்டு அலசினால் போயிற்று. "இதுல வாடை ஏறுனா துவைச்சுக்கலாம்மா" என்று அம்மாவிடம் சொன்னேன். இருபது வருடத்துக்கு முன்பு அந்த உறவினர் எதிரில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

என் கணவர் ஐந்தடி ஒன்பது அங்குலம், கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். பாதி செய்த சோபாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எனக்கு முட்டி தூக்கிக்கினு கீதே" என்றார். "உங்க வண்டி சீட்டு எப்டி?" என்று கேட்டேன். "லிவர் கீது. அவனவன் உயரத்துக்கு ஏத்திக்கலாம், எறக்கிக்கலாம்." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். இப்போது அவர் ஒரு தலையணையைப் போட்டு அதன்மேல் உட்காருகிறார். நாலரை அடி, ஐந்தடிப் பெண்கள் எல்லாம் இத்தனை காலம் காலுக்கடியில் முக்காலி வைத்துக்கொண்டும், விளிம்பில் ஒட்டிக்கொண்டும் சமாளித்ததுபோலத்தான். அவரால் முடிகிறது.

எல்லாம் சேர்த்து முப்பத்தோராயிரம் ரூபாய் ஆனது. அண்ணா நகர்க் கடையில் சொன்ன விலையில் பாதிகூட இல்லை. எங்களுக்கு அதுவும் பெரிய பணம்தான்.

*

சோபா வந்த அன்றே அம்மா அதில் உட்கார்ந்துவிட்டார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. முதல் வாரம் வழக்கம்போலத் தரையிலேயே உட்கார்ந்தார். சாய்வதற்கு மட்டும் சோபா. பிறகு குளித்துவிட்டு வந்தால் மட்டும் விளிம்பில் உட்கார்ந்தார். ஒருநாள் கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அம்மா கால் நீட்டிப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தப்புச் செய்து பிடிபட்ட குழந்தைபோல வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். அறுபத்தொன்பது வயது, அவர் அளவுக்கே செய்த சோபா, எழுந்து நிற்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மரத்தை அறுத்து இரண்டு அங்குலம் குறைக்க ஆசாரி அண்ணனுக்கு ஒரு மணி நேரம் போதும். அம்மாவுக்குள் இருப்பதைக் குறைக்க எத்தனை காலமோ?

போன தீபாவளிக்குத் தம்பி வந்தான். அம்மா சோபாவில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் மகன் வந்தால் அம்மா எழுந்துவிடுவார், அவன் அந்த இடத்தில் உட்காருவான். அவனும் பழக்கத்தில் சோபா அருகே வந்து நின்றான், அம்மா எழுந்திருப்பார் என்று. நான் அடுப்பங்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பூண்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தோ, சேர் கீது பாரு. இஸ்துப் போட்டுக் குந்து."